போகும்போது கணக்கை வாசல்லயே சொல்லுங்க!



இன்னைக்கு 470 ரூபாய் 82 காசு பத்திப் பேசப் போறோம். நாட்டுல எவ்வளவோ பெரிய பிரச்சினை இருக்க, இதுக்கு ஒரு பதிவான்னு நினைக்காதீங்க. முழுசா படிச்சிட்டு சொல்லுங்க.

நம்ம பகுதியில ஒரு அக்கா தையல் கடை வெச்சிருக்காங்க. ரெண்டு மெஷின், ஒரு கை உதவி. கடை போர்டுல அவங்க செல் நம்பர் பெருசா எழுதியிருக்கும். ரவிக்கை அளவு கேட்கிறதுல இருந்து "துணி ரெடியா அக்கா?" வரைக்கும் எல்லாம் அந்த ஒரே நம்பர்தான். ஒரு கம்பெனி ஏஜென்ட் சொன்னாருன்னு போஸ்ட்பெய்டு கனெக்‌ஷன் எடுத்திருந்தாங்க. மாச வாடகை 399 ரூபாய். 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தா 470 ரூபாய் 82 காசு. எடுக்கும்போது டெபாசிட் 500 ரூபாய்.

கடைக்குள்ள சிக்னல் சரியில்ல. கம்பெனிக்கு நாலு தடவை போன் பண்ணிப் பார்த்தாங்க. கடைசியா வேற கம்பெனிக்கு மாறிட்டாங்க. மாறுறதுக்கு முன்னாடி வந்த பில்லை முழுசா கட்டிட்டாங்க. ஆகஸ்ட் 20ஆம் தேதி புது சிம் வேலை செய்ய ஆரம்பிச்சது. அதோட கணக்கு முடிஞ்சதுன்னுதான் நினைச்சாங்க. நாமளும் அப்படித்தானே நினைப்போம்?

ஆனா முடியல. அந்தக் கம்பெனியில பில் மாசம் 12ஆம் தேதி தொடங்கும். ஆகஸ்ட் 12ல இருந்து 20 வரைக்கும் அவங்க பழைய சிம்மைப் பயன்படுத்தினது 9 நாள். அந்த 9 நாளுக்குப் பழைய கம்பெனி போட்ட பில், ஒரு முழு மாச வாடகை. நாள் கணக்குப் போட்டா வரி சேர்த்து சுமார் 137 ரூபாய்தான் வரும். வந்த பில் 470 ரூபாய் 82 காசு. அதுவும் அவங்க கைக்கு வரல. கனெக்‌ஷன் எடுத்த அன்னைக்கு ஏஜென்ட் எழுதின ஏதோ ஒரு இமெயிலுக்குப் போயிருக்கு. அந்த இமெயிலை அவங்க ஒரு நாளும் திறந்து பார்த்தது இல்ல.

தீபாவளிக்குச் சில நாள் இருக்கும்போது புது கம்பெனியில இருந்து இங்கிலீஷ்ல ஒரு மெசேஜ் வந்திருக்கு. விளம்பரம்னு விட்டுட்டாங்க. அப்புறம் ஒருநாள் காலையில போன் செத்துப் போச்சு. பழைய கம்பெனி "பாக்கி இருக்கு"ன்னு சொல்ல, புது கம்பெனி நம்பரை நிறுத்திடுச்சு. புது கம்பெனிக்கு ஒரு பைசா பாக்கி கிடையாது!

தையல் கடைக்குத் தீபாவளி வாரம்னா என்னன்னு சொல்லணுமா? வருஷத்துல அந்தப் பத்து நாள்தான் அறுவடை. அந்த நேரத்துல நம்பர் இல்ல. துணி கொடுத்தவங்க போன் பண்ணிப் பார்த்துட்டு பதறிப்போய் கடைக்கே ஓடி வந்தாங்க. பேங்க் ஓடிபி வரல, ஜிபே வேலை செய்யல. லேட் ஃபீ எல்லாம் சேர்த்து கிட்டத்தட்ட 600 ரூபாய் கட்டின பிறகும் நம்பர் திரும்ப உயிர் வர மூணு நாள் ஆச்சு.

இதுல உச்சம் என்ன தெரியுமா? அந்த அக்காவோட 500 ரூபாய் டெபாசிட் அவ்வளவு நாளும் பழைய கம்பெனிகிட்டயேதான் இருந்துச்சு. 470 ரூபாய் பாக்கிக்கு நம்பரை வெட்டினவங்க கையிலயே 500 ரூபாய் இருந்திருக்கு!

இப்போ சொல்லுங்க, இது சின்ன விஷயமா?

*உரிமை வந்தது, கணக்கு வரல*

ஒண்ணை நேர்மையா ஒத்துக்கணும். நம்பர் மாறாம கம்பெனி மாறுற உரிமை நம்ம நாட்டுல நல்ல உரிமை. 2010 நவம்பர் 25ல ஹரியானாவில தொடங்கி, 2011 ஜனவரி 20ல நாடு முழுக்க வந்தது. 2015 ஜூலை 3ல இருந்து எந்த மாநிலத்துக்குப் போனாலும் அதே நம்பரை எடுத்துட்டுப் போகலாம்னு ஆச்சு. 2019 டிசம்பர் 16ல டிராய் விதிகளை இன்னும் எளிமையாக்கிச்சு. PORT என்பதை இங்கிலீஷ்ல டைப் பண்ணி, ஒரு இடம் விட்டு உங்க நம்பரைப் போட்டு 1900க்கு அனுப்பினா கோடு வந்துடும். தமிழ்நாட்டுல அந்தக் கோடு 4 நாள் செல்லும். ஒரே வட்டத்துக்குள்ள 3 வேலை நாள்ல மாத்திக் கொடுக்கணும். கட்டணம் 7 ரூபாய்க்கும் குறைவு.

இந்த உரிமையோட அருமை தமிழ்நாட்டு மக்களுக்குத்தான் நல்லா தெரியும். 2018 பிப்ரவரியில ஏர்செல் நெட்வொர்க் படுத்தப்போ, கோடு கிடைக்காம கடை கடையா நம்ம ஜனங்க வரிசையில நின்னதை மறக்க முடியுமா? பதினஞ்சு, இருபது வருஷமா வெச்சிருந்த நம்பர் கையை விட்டுப் போயிடுமோன்னு எத்தனை பேர் தவிச்சோம்!

ஆனா இந்த உரிமையில ஒரு பெரிய ஓட்டை இருக்கு. 1900க்கு மெசேஜ் அனுப்பினா கோடு மட்டும்தான் வருது. "நீங்க இன்னைக்குப் போனா, கடைசியா கட்ட வேண்டியது இவ்வளவு"ன்னு யாரும் சொல்றது இல்ல. ஏற்கனவே போட்ட பில்லைக் கட்டியிருந்தா கோடு கிடைக்கும். பில் போடாத மிச்ச நாள் கணக்கு அப்புறமா வரும். அதைக் கட்டுவேன், கட்டலைன்னா புது கம்பெனியிலயும் நம்பரை நிறுத்தலாம்னு நாம மாறுறப்போ கையெழுத்துப் போடுற படிவத்துலயே ஒப்புதல் வாங்கிடறாங்க. அதைப் படிச்சவங்க நம்மள்ல எத்தனை பேர்?

பயன்படுத்தின 9 நாளுக்குக் காசு கேட்கிறது நியாயம். அதை நாங்க மறுக்கல. நாம போன பிறகு வர்ற 22 நாளுக்கும் வாடகை கேட்கிறது என்ன நியாயம்? வீட்டைக் காலி பண்ணி சாவியைக் கொடுத்த பிறகும் வாடகை கேட்பாங்களா?

நம்ம ஊரு அண்ணாச்சி கடையை நினைச்சுப் பாருங்க. மாசக் கணக்கு வெச்சு சாமான் வாங்குவோம். ஊரை விட்டுப் போறோம், "அண்ணாச்சி, கணக்கை முடிங்க"ன்னு சொன்னா என்ன செய்வார்? நோட்டை எடுப்பார், கூட்டுவார், "இவ்வளவு ஆச்சு தம்பி"ன்னு அங்கேயே சொல்வார். கொடுத்துட்டா கோடு போட்டு அடிச்சிடுவார். மூணு மாசம் கழிச்சு, நாம போன ஊரு கடைக்காரர்கிட்ட "இவருக்குச் சாமான் கொடுக்காதே"ன்னு சொல்லி அனுப்ப மாட்டார். கம்ப்யூட்டர் இல்லாத அண்ணாச்சியால முடியுற காரியம், நொடிக்கு நொடி கணக்கு வெச்சிருக்கிற கம்பெனியால முடியாதா? முடியும். சட்டம் கேட்காததால செய்யறது இல்ல, அவ்வளவுதான்.

*பிரிட்டன்ல முடிஞ்சது இங்க ஏன் முடியாது?*

பிரிட்டன்ல இதே கதை இன்னும் மோசமா இருந்தது. அங்க பெரும்பாலான கம்பெனிகள்ல விலகணும்னா 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்கணும். நோட்டீஸ் காலம்னு பேரு. ஜனங்க புது கம்பெனிக்குப் போயிடுவாங்க, பழைய கம்பெனிக்கும் அந்த மாசத்துக்குக் காசு கட்டுவாங்க. ஒரே மாசத்துக்கு ரெண்டு பில்.

அங்கத்திய கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்காம் 2019 ஜூலை 1ல இருந்து இதை மாத்திடுச்சு. 65075 என்ற நம்பருக்கு ஒரு மெசேஜ் அனுப்பினா ஒரு நிமிஷத்துக்குள்ள கோடு வரணும். அதோட, ஒப்பந்தம் முடியறதுக்கு முன்னாடி விலகினா எவ்வளவு கட்டணும், ப்ரீபெய்டுன்னா எவ்வளவு மீதி இருக்குங்கிற தகவலும் அந்தப் பதில்லயே வரணும். கோடு 30 நாள் செல்லும். ஒரு வேலை நாள்ல மாத்திக் கொடுக்கணும். முக்கியமா, மாறின தேதிக்குப் பிறகு நோட்டீஸ் காலம்னு சொல்லி ஒரு காசு வாங்கக் கூடாது. நம்பரே வேண்டாம், விலகினா போதும்னு நினைக்கிறவங்களுக்கும் தனியா ஒரு மெசேஜ் வழி உண்டு.

18 மாசம், 24 மாசம்னு ஒப்பந்தம் போட்டு நடுவுல விலகினா அங்கயும் கட்டணம் உண்டு. அதை எடுத்துடல. ஆனா எவ்வளவுன்னு போறதுக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சுகிட்டு முடிவு எடுக்கலாம். நாம கேட்கிறதும் இதுதான்.

*ப்ரீபெய்டுதானே, நமக்கு என்னன்னு நினைக்காதீங்க*

நம்ம நாட்டுல பத்துல ஒன்பது பேருக்கு மேல ப்ரீபெய்டுதான். இந்தப் பதிவு நமக்கு இல்லன்னு அவங்க நகர்ந்துட வேண்டாம். ப்ரீபெய்டுல பில் வராது. ஆனா போட்ட காசு போயிடும். கம்பெனி மாறினா மிச்சம் இருக்கிற பேலன்ஸ் புது கம்பெனிக்கு வராது.

2024 ஜூலையில தனியார் கம்பெனிகள் எல்லாம் ஒண்ணு மாத்தி ஒண்ணு கட்டணத்தை ஏத்தினது ஞாபகம் இருக்கா? அப்போ பிஎஸ்என்எல்லுக்குப் போகணும்னு கிளம்பினவங்க ஏராளம். ஆனா 365 நாள் ரீசார்ஜ் போட்டவங்க என்ன பண்ணுவாங்க? எட்டு மாசக் காசை விட்டுட்டுப் போகணும், இல்லன்னா பல்லைக் கடிச்சுகிட்டு இருக்கணும். போஸ்ட்பெய்டுக்காரரைக் கடைசி பில் பிடிச்சு வைக்குது. ப்ரீபெய்டுக்காரரை முன்கூட்டியே கட்டின காசு பிடிச்சு வைக்குது. கயிறு வேற, கட்டு ஒண்ணுதான்.

இன்னொரு வேடிக்கை. 1900க்கு மெசேஜ் போன அன்னைக்கே பல பேருக்கு போன் வருது. "சார், போகாதீங்க, உங்களுக்கு மட்டும் ஸ்பெஷல் ஆஃபர்"னு கெஞ்சல். இத்தனை வருஷமா ஒழுங்கா பில் கட்டினப்போ அந்த ஆஃபர் எங்க போச்சு? போறேன்னு மிரட்டறவருக்கு ஒரு விலை, நம்பி இருக்கிறவருக்கு ஒரு விலையா?

*கம்பெனி சொல்ற நியாயம்*

கம்பெனி தரப்புலயும் ஒரு வாதம் இருக்கு. "பாக்கி வெச்சிட்டு ஓடிப்போறவங்களை நாங்க எப்படிப் பிடிக்கிறது? நம்பரை நிறுத்தினாதான் கட்டுறாங்க"ன்னு சொல்வாங்க. அதுல கொஞ்சம் உண்மை இருக்கு. ஏமாத்தறவங்க இருக்காங்க. வேணும்னே கட்டாதவங்களுக்கு நாங்க வக்காலத்து வாங்கல.

ஆனா ஒரு காலத்துல போன்ங்கிறது பேசுறதுக்கு மட்டும்தான். அப்போ நிறுத்தினா பேச்சு நிக்கும். இன்னைக்கு ஆதார், பேங்க், கேஸ் புக்கிங், ரேஷன் கார்டு, பிள்ளைங்க ஸ்கூல் மெசேஜ், ஆஸ்பத்திரி டோக்கன் எல்லாம் அந்தப் பத்து இலக்கத்துக்குள்ளதான் இருக்கு. அதை வெட்டினா மனுஷனோட பாதி வாழ்க்கை நின்னு போகுது. 470 ரூபாய்க்கு, அதுவும் சொல்லாத பில்லுக்கு, இவ்வளவு பெரிய தண்டனையா? கரன்ட் பில் பாக்கின்னா கரன்ட்டைத்தான் நிறுத்துவாங்க, வீட்டு வாசலைப் பூட்ட மாட்டாங்க.

இன்னொண்ணு. 2023 நவம்பர் 30ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வாடிக்கையாளரை ஏமாத்துற 13 வகைத் தந்திரங்களைத் தடை பண்ணிச்சு. அதுல ஒண்ணு சந்தாப் பொறி. சேர்றதை எளிதாக்கி, விலகுறதைக் கஷ்டமாக்கி வைக்கிறது. ஆப்புக்கும் ஆன்லைன் கடைக்கும் இது தப்புன்னு சொல்ற அரசு, கோடிக்கணக்கான பேர் கையில இருக்கிற போனுக்கும் அதே அளவுகோலைக் கறாரா வைக்கணும் இல்லையா?

*மாறப் போறீங்களா? இதைச் செய்யுங்க*

சட்டம் மாறுற வரைக்கும் நம்ம கையில இருக்கிறதை நாம பார்த்துக்கணும். இதை உங்க வீட்டுப் பெரியவங்களுக்கும் சொல்லுங்க.

1. உங்க பில் எந்தத் தேதியில தொடங்கி எந்தத் தேதியில முடியுதுன்னு பாருங்க. பில் மாசம் முடியற சமயத்துல மாறுற மாதிரி திட்டம் போடுங்க. கோடு 4 நாள்தான் செல்லும், மாற 3 வேலை நாள் ஆகலாம். இந்தக் கணக்கை மனசுல வெச்சுகிட்டு மெசேஜ் அனுப்புங்க.

2. ஒரு கம்பெனிக்கு வந்து 90 நாள் ஆகியிருந்தாதான் மாற முடியும். கம்பெனி ஆபீஸ் பேர்ல இருக்கிற நம்பர்னா ஆபீஸ் அனுமதிக் கடிதம் வேணும்.

3. மாறுறதுக்கு முன்னாடி பழைய கம்பெனியில உங்க இமெயில், முகவரி சரியா இருக்கான்னு பாருங்க. ரெண்டாவதா ஒரு நம்பரும் கொடுத்து வைங்க. கடைசி பில் அங்கதான் வரும்.

4. குடும்ப பிளான்ல இருந்தா, முதல் நம்பர் போன பிறகு மத்த நம்பருக்கு என்ன ஆகும்னு கேட்டுக்கோங்க. இல்லன்னா பையனோட நம்பருக்குத் தனி பில் வந்து நிக்கும்.

5. மாறினதும் நீங்களே கடைசி பில்லைக் கேட்டு வாங்குங்க. நாள் கணக்குப் போட்டிருக்கான்னு பாருங்க. கட்டிட்டு, பாக்கி இல்லைங்கிறதை எழுத்துல வாங்குங்க. மெசேஜா வந்தாலும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. அப்புறம்தான் பேங்க்ல ஆட்டோ டெபிட்டை நிறுத்தணும்.

6. டெபாசிட் கட்டியிருந்தா கேளுங்க. கனெக்‌ஷன் முடிஞ்சு குறிப்பிட்ட நாளுக்குள்ள டெபாசிட் திரும்பணும்னு டிராய் 2009லயே விதி போட்டது. கேட்காதவங்க காசு அங்கேயே தூங்குது.

7. பில் தப்புன்னா முதல்ல கம்பெனியோட புகார் மையத்துல புகார் பதிஞ்சு, புகார் எண் வாங்குங்க. தீர்வு சரியில்லன்னா அதே கம்பெனியில இருக்கிற மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்க. 39 நாளுக்குள்ள முடிவு சொல்லணும். தனி மனுஷங்க புகாரை டிராய் நேரடியா விசாரிக்காது, அதனால அங்க எழுதி நாளைக் கடத்த வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கும் போன் பண்ணலாம்.

8. அதுக்கும் அசையலைன்னா நுகர்வோர் ஆணையம் இருக்கு. டெலிபோன் தகராறை நுகர்வோர் கோர்ட் விசாரிக்கக் கூடாதுன்னு கம்பெனிகள் பழைய தந்திச் சட்டத்தைக் காட்டி ரொம்ப நாள் வாதாடினாங்க. 2022 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏத்துக்கல, நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்னு தெளிவா சொல்லிடுச்சு. 5 லட்சம் ரூபாய் வரைக்கும் உள்ள வழக்குக்குக் கட்டணமும் கிடையாது.

*நம்ம கோரிக்கை*

தொலைத்தொடர்பு மத்திய அரசோட அதிகாரத்துல இருக்கிற துறை. அதனால டிராய்க்கும் மத்திய தொலைத்தொடர்புத் துறைக்கும் நாம வைக்கிற கோரிக்கை இது:

ஒண்ணு: 1900ல இருந்து வர்ற பதில்லயே, கோடோட சேர்த்து, இன்னைக்குப் போனா கட்ட வேண்டிய கடைசித் தொகை வரணும். நம்ம ஊர்ல அது தமிழ்ல வரணும்.

ரெண்டு: மாறின தேதிக்குப் பிறகு ஒரு நாள் வாடகை கூட வாங்கக் கூடாது. கடைசி பில் நாள் கணக்குல மட்டும்தான் போடணும்.

மூணு: டெபாசிட் இருந்தா முதல்ல அதுல கழிக்கணும். மீதியைக் கேட்காமலேயே பேங்க்ல போடணும்.

நாலு: புகார் நிலுவையில இருக்கும்போது நம்பரை வெட்டக் கூடாது. சின்ன பாக்கின்னா இன்கமிங் காலும் ஓடிபியும் எப்பவும் நிக்கக் கூடாது.

அஞ்சு: நீண்ட கால ரீசார்ஜ் போட்டவங்க மாறினா, மிச்ச நாளுக்கான காசை நாள் கணக்குல திருப்பிக் கொடுக்கணும்.

ஆறு: சேர்ற அன்னைக்கே, எப்படி விலகணும், விலகினா என்ன செலவுங்கிறதை ஒரே பக்கத்துல, தமிழ்ல, படிக்கிற அளவு எழுத்துல கொடுக்கணும்.

இதுல எதுவும் கம்பெனியை நஷ்டப்படுத்துற கோரிக்கை இல்ல. பயன்படுத்தினதுக்குக் காசு வாங்கிக்கோங்க. பயன்படுத்தாததுக்கு வாங்காதீங்க. எவ்வளவுன்னு முன்னாடியே சொல்லுங்க. அவ்வளவுதான்.

சேரும்போது வாசல்ல வாழைமரம் கட்டாத குறையா வரவேற்கிறாங்க. சிம் இலவசம், வீட்டுக்கே வந்து கொடுக்கிறோம்னு சொல்றாங்க. போகும்போது மட்டும் பின்வாசல் வழியா பில் அனுப்புறாங்க. வரும்போது இருக்கிற மரியாதை போகும்போதும் இருக்கணும்.

அந்தத் தையல்கார அக்கா இன்னைக்கும் கடை போர்டுல அதே நம்பரைத்தான் வெச்சிருக்காங்க. ஆனா கீழ இன்னொரு நம்பரும் சின்னதா எழுதி வெச்சிருக்காங்க. "எதுக்குக்கா ரெண்டு?"ன்னு கேட்டா, "எப்ப எதுக்கு வெட்டுவாங்கன்னு தெரியலையே தம்பி"ன்னு சிரிக்கிறாங்க. அவங்க சிரிச்சாலும் நமக்குக் கேட்கக் கஷ்டமாத்தான் இருக்கு. தப்பே பண்ணாத ஒருத்தர், தன்னோட நம்பரையே நம்ப முடியாத நிலைமை. அதை மாத்தத்தான் இந்தக் கோரிக்கை.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தா கமெண்ட்ல எழுதுங்க. உங்க போன் நம்பரையும் பில் நம்பரையும் மட்டும் பொதுவுல போடாதீங்க. உங்க தொகுதி எம்.பி. எந்தக் கட்சியா இருந்தாலும் பரவாயில்ல, இந்த ஆறு கோரிக்கையை அவருக்கு அனுப்பி, நாடாளுமன்றத்துல கேள்வி கேட்கச் சொல்லுங்க. மாறப் போற நாலு பேருக்கு இதைப் பகிருங்க.

நம்பர் நம்மளோடது. கணக்கும் நமக்குத் தெரிஞ்சாகணும்!

#வெளியேறும்_உரிமை
#கடைசி_பில்லை_முதல்ல_சொல்லு